துவாயைத் தூக்கினால் நில்

போன ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் நான்கு பேரும் இரண்டு நாள் ஊர் சுற்றப் போனோம். போன இடம் ஒன்றும் தூரமில்லை. கட்டுகஸ்தோட்டையிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஏறினால் தெல்தெனிய வந்துவிடும். ஆனால் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, இன்னோர் இடத்தில் படுத்தெழும்பி வருவது கல்யாணம் முடித்த பன்னிரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. விடுமுறை என்றால் எங்களுக்குப் பேராதனைப் பூந்தோட்டம். மூங்கில் நிழலில் விரிப்பைப் போட்டு, சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டு, பொழுது சாய முன் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

தூரப் போக ஆசை இல்லாமலில்லை. ஒரு வருடம் நாடு முழுக்கப் பெற்றோல் வரிசை. அடுத்த வருடம் சின்னவனுக்கு டெங்கு. அதற்கடுத்த வருடம் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் திருத்துபவர். நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். வீட்டில் பேச்சு முழுக்க என் பக்கம். அவர் காலையில் "போயிட்டு வாறேன்" என்பார், இரவில் "சாப்பிட்டீங்களா" என்பார். நடுவில் அவசியமிருந்தால் தலையாட்டுவார்.

இந்த முறை பெரஹரா ஊர்வலம் பார்க்க ஊர் உலகமெல்லாம் கண்டிக்கு வந்துகொண்டிருந்த நேரம். நாங்கள் எதிர்த்திசையில் கிளம்பினோம். பஸ்ஸில் ஜன்னலோரம் சின்னவன். பல்லேகல கிரிக்கெட் மைதானத்தின் விளக்குக் கம்பங்களைக் கண்டதும் இங்கேயே இறங்க வேண்டும் என்று அடம்பிடித்தான். நாங்கள் போகிற வோட்டர் பார்க்கில் இதைவிட உயரமான சறுக்கி இருக்கிறது என்று அவன் அக்கா சொல்லித்தான் அவனை உட்கார வைத்தாள். அப்போது அவனுக்கு ஐந்து வயது, அவளுக்குப் பத்து.

மகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் இரண்டு காதிலும் மெஷின் மாட்டித்தான் கேட்பாள். இரண்டு வயதில் அவளுக்குப் பின்னால் ஒரு தாச்சிச் சட்டியின் மூடி விழுந்து உருண்டது. நான் பதறிப்போய்த் திரும்பினேன், அவள் திரும்பவேயில்லை. அப்படித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. மூன்று வயதில் மெஷின் கிடைத்தது. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பேச்சுப் பயிற்சி மிஸ்ஸிடம் போனோம். அவர் முதல் நாளே எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னார். "கையால சைகை காட்டாதீங்க. வாயால பேசுங்க. அவ கேட்டுப் பழகணும்."

அதை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் யாராவது மகளிடம் கையை ஆட்டினால் கண்ணால் அதட்டுவேன். பலன் கிடைக்காமல் போகவில்லை. நாலரை வயதில் மகள் "பூனை" என்றாள். இன்று வகுப்பில் வாய் ஓயாதவள் என்று ரிப்போர்ட் வருகிறது. அந்த ரிப்போர்ட்டை வாசித்துவிட்டு நான் சந்தோஷத்தில் அழுதிருக்கிறேன். அந்த மிஸ்ஸை நினைத்தால் இன்றும் மனதுக்குள் கும்பிடுவேன்.

ஆனால் மெஷினில் தண்ணீர் படக் கூடாது. வீட்டில் குளிக்கும் பத்து நிமிடமும் கழற்றி வைப்பாள், பிறகு மாட்டிக்கொள்வாள். ஒரு முழுநாளைத் தண்ணீருக்குள் கழிக்கப் போகிறோம், அந்த முழுநாளும் அவளுக்கு ஒன்றும் கேட்காது என்பதை, எத்தனையோ நாள் திட்டம் போட்ட நான் யோசிக்கவேயில்லை. உடை மாற்றும் அறையில் அவள் இரண்டு மெஷினையும் கழற்றிச் சின்னப் பெட்டிக்குள் வைத்து என் கையில் தந்தபோதுதான் உறைத்தது. "அம்மா, பத்திரம்" என்றாள். நான் ஏதோ பதில் சொன்னேன். அவள் அதற்குள் திரும்பிவிட்டாள்.

பெட்டியைப் பொலித்தீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். இனிப் பின்னேரம் வரை தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த இடம் மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய மாதிரி இருந்தது. கீழே சின்னப் பிள்ளைகளுக்கான ஆழமில்லாத குளம், அங்கே காளான் வடிவத்தில் ஒரு குடையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சின்னவன் அதற்கடியில் போய் நின்றவன் நின்றவன்தான். மேலே நீலமும் மஞ்சளுமாக மூன்று சறுக்கிகள். அதில் ஒன்று மூன்று தரம் வளைந்து, கடைசி வளைவில் குழாய்க்குள் நுழைந்து மறைந்து, அடியிலிருக்கும் குளத்தில் வந்து கொட்டும். மகள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையை இழுத்தாள்.

நானும் அவளும் படியேறிப் போய் வரிசையில் நின்றோம். உச்சியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிங்களவர் விசிலோடு நின்றார். முதலில் போனவர் குளத்தை விட்டு விலகியதும் கீழேயிருப்பவர் விசில் ஊதுவார். அது கேட்டதும் இவர் அடுத்தவரை அனுப்புவார். குழாய்க்குள் யாராவது சிக்கிக்கொண்டால் மூன்று விசில். அப்போது அடுத்தவர் சறுக்கியின் வாயிலுள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட வேண்டும்.

எங்கள் முறை வந்தது. அவர் மகளிடம் ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. நான் முந்திக்கொண்டு, "அவவுக்குக் காது கேக்காது. மெஷினைக் கழட்டி வச்சிருக்கோம்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "மிஸ், அப்பிடியெண்டா அனுப்ப பயம் நே" என்றார், தெரிந்த தமிழில். "விசில் கேக்காட்டி மகளுக்குத்தான் ஆபத்து. கோவிக்க வேணாம்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது நியாயம். ஆனால் மகளுக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. பக்கத்துச் சுவரில் உயரம் பார்க்கும் கோடு வரைந்திருந்தது. அவள் ஓடிப்போய் அதில் முதுகை ஒட்டி நின்றாள். தலை கோட்டுக்கு நான்கு விரல் மேலே இருந்தது. பாருங்கள், நான் உயரம்தானே என்பதைப் போல அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் குனிந்து வாயை அகலத் திறந்து, "விசில்... உனக்குக் கேக்காது... அதனால..." என்றேன். அவள் என் உதட்டைப் பார்த்தாள். சறுக்கியின் தண்ணீர் முகத்தில் தெறிக்கத் தெறிக்க, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாள். விளங்கவில்லை. ஏழு வருடமாக வாயால் மட்டுமே பேசிப் பழகிய எனக்கு, அந்த இடத்தில் அவளிடம் ஒரு வரி சொல்ல முடியவில்லை.

எங்களுக்குப் பின்னால் ஒரு முஸ்லிம் பெண் இரண்டு மகள்மாரோடு நின்றிருந்தார். தலை முதல் கால் வரை மூடிய கறுப்பு நீச்சல் உடை. என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். அவர் முன்னால் வந்தார்.

"தங்கச்சி, பொறுங்க. ரெண்டு பேர் போற டியூப் ஈக்கிது தானே? புள்ள என் முன்னுக்கு ஈக்கட்டும். நான் புடிச்சிக்கிட்டு போறேன். விசில் எனக்குக் கேக்கும்."

பிறகு அந்த மனிதரிடம் திரும்பி, தண்ணீர் பட்டபாடாகச் சிங்களத்தில் பேசினார். அவர் யோசித்தார். பிறகு தலையாட்டினார்.

அவர்கள் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். "உங்களுக்கு ஏன் கரைச்சல், ராத்தா" என்றேன்.

"கரைச்சல் என்ன? சும்மா நிண்டா எனக்கும் கால் வலிக்கிது" என்றார்.

காற்றடித்த இரட்டை டியூப்பில் மகள் அவர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் ஒரு கையால் அவள் வயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். ஒரு நொடி இருவரும் தெரிந்தார்கள், அடுத்த நொடி வளைவில் இல்லை. நான் படிகளில் விழுந்தடித்துக் கீழே ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் மகள் குளத்தை விட்டு எழும்பி, தலைமயிர் முகத்தில் ஒட்ட, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். அந்த ராத்தா மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திக்கொண்டே சிரித்தார்.

அங்கேயே விட்டிருந்தால் அது போதுமாக இருந்திருக்கும். ஆனால் மகள் திரும்ப மேலே கைகாட்டினாள். பிறகு ஒற்றை விரலைக் காட்டினாள். தனியாகப் போக வேண்டுமாம்.

அப்போதுதான் என் கணவர் வந்தார். சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, தலை துவட்டும் சிவப்புத் துவாயைத் தலையில் போட்டபடி, கீழே நின்று நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பையனை என் கையில் தந்தார். மகளின் தோளைத் தட்டித் தன் பக்கம் திருப்பினார். பிறகு கையால் பேசத் தொடங்கினார்.

உள்ளங்கையை நெஞ்சுக்கு நேரே விரித்துக் காட்டினார்: நில். இரண்டு விரலைத் தன் பக்கமாக மடக்கினார்: வா. இரண்டு முஷ்டியையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து இறுக்கினார்: பிடித்துக்கொள். சறுக்கியைக் காட்டி, துவாயை உயரத் தூக்கிப் பிடித்து, பிறகு உள்ளங்கையைக் காட்டினார். துவாயைக் கீழே விட்டு, இரண்டு விரலை மடக்கினார். துவாய் மேலே இருந்தால் நிற்க வேண்டும். கீழே இறங்கினால் வரலாம். மகள் ஒரு தடவை பார்த்தாள். அவரைப் போலவே அப்படியே திருப்பிச் செய்து காட்டினாள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "எங்கேங்க படிச்சீங்க இதெல்லாம்?"

"ஃபெக்டரியில இதுதானே பேச்சு" என்றார். "இருநூறு மெஷின் ஓடுற இடத்துல கத்தினா யாருக்குக் கேக்கும்? தையல் லைன்ல அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு எல்லாம் கையாலதான்."

"எனக்கு ஒருநாளும் சொல்லலையே."

அவர் துவாயைப் பிழிந்தார். "மிஸ் கையால பேச வேணாம்னு சொன்னாங்க தானே. அதான் வீட்டுக்கு வந்தா கைய மடக்கிக்குவேன்."

அவ்வளவுதான் சொன்னார். அதில் குறை எதுவும் இல்லை, என் மேல் பழி சாட்டவும் இல்லை. ஆனால் எனக்கு அவர் வீட்டில் உட்காரும் விதம் ஞாபகம் வந்தது. கதிரையில் இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டுதான் எப்போதும் உட்காருவார். குளிர் என்று நினைத்திருந்தேன். பேச்சு வராத மனிதர் என்று நினைத்திருந்தேன். அவருக்குத் தெரிந்த பேச்சை மகளுக்காகவே பூட்டி வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அவர் மேலே ஏறிப்போய் விசில்காரரிடமும் அதைச் செய்து காட்டினார். அவர் தன் விசிலோடு துவாயையும் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். பிறகு கணவர் கீழே இறங்கி, குளத்து விளிம்பில், மேலேயிருந்து நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து நின்றார். சிவப்புத் துவாய் உயர்ந்தது. மேலே சின்னப் புள்ளியாக மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துவாய் இறங்கியது. அவள் வந்தாள்.

எத்தனை தடவை வந்தாள் என்று நான் எண்ணவில்லை. போகப் போக மற்றப் பிள்ளைகளும் விசிலை விட்டுவிட்டுத் துவாயைப் பார்க்கத் தொடங்கினார்கள். "அங்கிள், துவாயை இறக்குங்க!" என்று மேலேயிருந்து தமிழிலும் சிங்களத்திலும் கூச்சல். அவர் வேண்டுமென்றே சிலரைக் காக்க வைத்தார். உள்ளங்கையைக் காட்டினார், நெற்றியில் கையை வைத்து யோசிப்பது போல் நடித்தார், பிறகு சட்டென்று துவாயை விட்டார். சிரிப்புச் சத்தம் கிளம்பும். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைத்து நான் பார்த்ததில்லை.

பகல் சாப்பாட்டுக்கு அந்த ராத்தாவின் விரிப்பும் எங்கள் விரிப்பும் ஒன்றாகிவிட்டன. நாங்கள் பாணும் சீனிச் சம்பலும் அவித்த முட்டையும் கொண்டுபோயிருந்தோம். அவர்கள் பெரிய டப்பாவில் நெய்ச்சோறு. அவர் அக்குறணையிலிருந்து வந்திருந்தார். கணவர் வெளிநாட்டில், விடுமுறைக்கு வர முடியவில்லை, அதனால் தானே பிள்ளைகளைக் கூட்டி வந்ததாகச் சொன்னார்.

"வாப்பா இல்லாம போக வேணாம்னு வீட்டுல செல்லிக்கிட்டு ஈந்தாங்க. புள்ளைங்கட வயசு நிக்குமா தங்கச்சி? அதான் வந்துட்டேன்."

சாப்பிட்டு முடிந்ததும் மகள் என் கையைப் பிடித்தாள். இப்போது கையாலேயே பேசினாள். என்னைக் காட்டினாள், சறுக்கியைக் காட்டினாள், இரண்டு விரலை மடக்கினாள். வா.

நான் கழுத்திலிருந்த பொலித்தீன் பையைக் காட்டினேன். முடியாது. அவள் அந்தப் பையையும் அந்த ராத்தாவையும் காட்டினாள்.

அந்தப் பெட்டியை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி என்றால்கூட வேலைக்கு லீவு போட்டுவிட்டு மைதானத்தோரம் அதை வைத்துக்கொண்டு நானே நிற்பேன். தொலைந்தால் திரும்ப எடுக்க எத்தனை மாதமாகுமோ, அதுவரை பிள்ளை என்ன செய்யும் என்ற பயம். காலையில் கண்ட ஒருவரிடம் எப்படிக் கொடுப்பது? ஆனால் அந்தப் பெண் அன்று காலையில் என் பிள்ளையையே வயிற்றோடு அணைத்துக் கொண்டுபோய்க் கீழே சேர்த்தவர். நான் பையைக் கழற்றி நீட்டினேன்.

"இதுலதான் அவட காது ஈக்கிதா?" என்று கேட்டார். ஆமென்றேன். பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "போயிட்டு வாங்க. நான் அசைய மாட்டேன்."

நான் சல்வாரோடு அந்த உச்சியில் போய் உட்கார்ந்தேன். மகள் எனக்கு முன்னால். கீழே சிவப்புத் துவாய் உயர்ந்து நின்றது. கம்பியை இறுக்கிப் பிடித்தேன். இறங்கிப் போய்விடலாமா என்று யோசிக்கும்போதே துவாய் விழுந்தது. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் கத்தியதுதான். முதல் வளைவில் மாதாவைக் கூப்பிட்டேன். குழாய்க்குள் யாரைக் கூப்பிட்டேனோ தெரியாது. குளத்தில் தலைகீழாக விழுந்து எழும்பியபோது மகள் என் தொண்டையைத் தொட்டுக் காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளுக்கே உரிய குரலில், தனக்குக் கேட்காததால் உரக்கச் சொன்னாள்: "அம்மா, நீங்க கத்தினது முதுகுல அதிர்ந்திச்சு!"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேறொரு நாளென்றால் எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

விரிப்புக்குத் திரும்பி வந்தபோது அந்த ராத்தா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அவருடைய சின்ன மகள் சோடாப் போத்தலைத் திறந்து தரச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். "கை ரெண்டும் வேலையில ஈக்கிது மகள், கொஞ்சம் பொறு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியை என் கையில் வைத்த பிறகுதான் போத்தலை வாங்கித் திறந்தார்.

பின்னேரம் மழை இறங்கியது. எல்லோரும் சாமான்களை அள்ளிக்கொண்டு ஓடினோம். வாசலில் அவர்கள் வந்த வேன் தயாராக நின்றது. அவர் ஏறப்போனவர் திரும்பி வந்து, மகளின் ஈரத் தலையில் கைவைத்து ஏதோ துஆ ஓதிவிட்டுப் போனார். அவருடைய பெயரை நான் கேட்கவில்லை. அவரும் என் பெயரைக் கேட்கவில்லை. தங்கச்சி, ராத்தா என்றே ஒரு முழுநாள் போய்விட்டது.

அன்றிரவு தெல்தெனியவில் ஒரு வீட்டின் மாடியறையில் தங்கினோம். மறுநாள் காலை ஒரு த்ரீவீலரில் விக்டோரியா நீர்த்தேக்கம் தெரியும் மேட்டுக்குப் போனோம். மழை கழுவிவிட்ட காலை. மலைகள் ஒன்றின் பின் ஒன்றாக நக்கிள்ஸ் பக்கம் வரை நீண்டு போயின. கீழே தண்ணீர் பச்சையாக, அசைவில்லாமல் கிடந்தது. சாரதி வண்டியை ஓரமாக நிறுத்தினார். வண்டியில் பாட்டுச் சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. பாதையோரம் சோளம் அவித்து விற்கும் கடையில் ஜெனரேட்டர் ஒன்று இரைந்தது.

மகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையைக் காதுக்குக் கொண்டுபோய், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மெஷினையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா?" என்றேன். பழக்கத்தில் அதட்டலாகத்தான் வந்தது. அவளுக்கு அது கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "இப்பிடிப் பாத்தா நல்லாருக்கு" என்றாள்.

முந்தின நாளாக இருந்திருந்தால் மாட்டச் சொல்லியிருப்பேன். அன்று சொல்லவில்லை. சின்னவன் அக்காவைப் பார்த்தான். அவனும் இரண்டு விரலை எடுத்துக் காதுக்குள் வைத்துக்கொண்டான். பிறகு அவன் அப்பா. இவர்கள் மூவரும் அப்படி நிற்க நான் மட்டும் எதற்கென்று, நானும் காதைப் பொத்திக்கொண்டேன். பாட்டும் ஜெனரேட்டரும் எங்கோ போயின. மூச்சு மட்டும் உள்ளே கேட்டது. தண்ணீரின் மேல் ஒரு கொக்கு தாழப் பறந்துபோனது. அதன் நிழலும் கூடவே போனது. அதை நான் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாரதி பதறிக்கொண்டு வந்தார். மூன்று பேர் வரிசையாகக் காதைப் பொத்திக்கொண்டு நின்றால் யார்தான் பதறமாட்டார்? நான் கையை எடுத்தேன்.

"என்ன நோனா, காது வலியா? நம்மட பாட்டு சத்தம் கூடவா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நல்ல மனிதர். போய்ப் பாட்டை நிறுத்திவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். கணவர் அவருக்கும் கையால் ஏதோ காட்டினார். அதற்கு மகள் கையாலேயே ஏதோ சொன்னாள். அப்பாவும் மகளும் சிரித்தார்கள். என்னவென்று நான் கேட்கவில்லை. அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.